கிள்ளிப்போட்ட பூக்கள்

அன்பு மகள் ஸ்மரண்டாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், அறுவை செய்த காதும் நலம், இந்த வருடம் முடியும்வரை விமானம் ஏறக்கூடாது என்பதில் மட்டும் டாக்டர் ஒரே பிடியாக நிற்கிறார். அயர்லாந்து மழையில் நீயும் மாப்பிள்ளையும் அம்மாவும், உங்கள் எல்லாரையும் ஆட்டிவைக்கும் என் பேரனும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நம்மூர் பர்லாட்டில் குளிர் இறங்கிவிட்டது, கட்டடத்துக்கு இன்னும் ஹீட்டர் போடவில்லை, நீ விட்டுப்போன கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீ சிரிப்பாய், நானும் கூடச் சிரித்து மழுப்பிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள உன்னிடம் கிளம்பும்போது அம்மா பால்கனிச் சட்டிகளையும் விதைப் பொட்டலங்களையும் என் தலையில் கட்டிவிட்டு வந்தாள் அல்லவா, ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவனுக்குக் கீரை எது களை எது என்று என்ன தெரியும். சதகுப்பையை நெருக்கமாகத் தூவிவிட்டேன், நூல் நூலாக எழுந்து அப்படியே சாய்ந்துவிட்டது. பார்ஸ்லி முளைக்கவே இல்லை என்று கோபத்தில் மண்ணைக் கீழே கொட்டினேன், அதற்கு ஒரு மாதம் பொறுக்க வேண்டுமாம், இப்போது குப்பைத் தொட்டி ஓரத்தில் ஜம்மென்று நிற்கிறது. புதினா பக்கத்துச் சட்டிக்கெல்லாம் கால் நீட்டியது. திருநீற்றுப்பச்சை மட்டும்தான் என்னிடம் பிரியமாக வளர்ந்தது. ஞானஸ்நானத்துக்கு நீ கேட்டதும் அதைத்தானே. நீங்க வர முடியலைன்னா என்னப்பா, உங்க கையால வளர்த்த கொத்தைப் பாதிரியார் தண்ணியில முக்கி குழந்தை தலையில தெளிக்கட்டும், அதுவே நீங்க தொட்ட மாதிரி என்றாய். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் தினமும் தண்ணீர் ஊற்றினேன்.

டிவியில் தோட்ட நிகழ்ச்சி நடத்துகிறவர், பூ வைத்தால் இலை கெட்டுவிடும், மொட்டைக் கண்டதும் கிள்ளுங்கள் என்று சொன்னார். அவர் சமையலுக்குச் சொன்னார். நான் கோயிலுக்கு வளர்க்கிறேன் என்பது என் மண்டையில் உறைக்கவில்லை. காலையில் காபிக்கு முன்னால் ஒரு மொட்டு விடாமல் கிள்ளி கம்பிக்கு வெளியே போடுவேன். கீழ்வீட்டு ஸம்ஃபிரா, ஏங்க மேல்வீட்டுக்காரரே, காயப்போட்ட துணி மேல பூமாரி பொழியுறீங்களே, எனக்கென்ன மறுபடி கல்யாணமா என்று கத்துவாள். நானும் சிரித்துக்கொண்டே கிள்ளுவேன். ஆகஸ்ட் கடைசியில் நீ போன் செய்து, பூ வந்துடுச்சாப்பா, பூவோட இருந்தாத்தானே கோயில்ல எடுத்துப்பாங்க என்று கேட்டபோது அன்றைய மொட்டுகள் என் கையில்தான் இருந்தன. வந்துடுச்சும்மா என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்போ ஒரு போட்டோ அனுப்புங்க என்றாய்.

ஸ்மரண்டா, நான் அனுப்பிய போட்டோவில் இருப்பது என் செடி இல்லை. ஸம்ஃபிரா தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி என்னை நம்பிச் சாவியைக் கொடுத்திருந்தாள். அவள் பால்கனியில் பூத்துக் குலுங்கியதைப் படமெடுத்து அனுப்பிவிட்டேன். நீ அதைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினாய், பரவாயில்லையே என் ஆளு என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். அவள் என்னை அப்படி மெச்சி நான் கேட்டதே இல்லை. அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றோடு கிள்ளுவதை விட்டுவிட்டுக் காத்திருந்தேன், அதற்குள் குளிர் வந்துவிட்டது.

அம்மா சும்மா இருப்பாளா, பெருமை தாங்காமல் படத்தை ஸம்ஃபிராவுக்கே அனுப்பியிருக்கிறாள். படத்தில் இருக்கும் தன் நீலச் சட்டியை அவளுக்குத் தெரியாதா. செப்டம்பரில் சிலுவைத் திருநாளன்று பூவில்லாத கொத்தை ஆசீர்வதித்து வாங்க நான் கோயிலுக்கு இறங்கும்போது படியில் மறித்து, இது சாமிக்கா சாலட்டுக்கா என்று கேட்டு, நிற்க முடியாமல் சிரித்தாள். பிறகு உள்ளே போய்த் தன் செடியை அடியோடு வெட்டி வந்து என் கையில் வைத்தாள். இதை அனுப்புங்க, உங்க வீட்டம்மாகிட்ட நான் மூச்சு விடமாட்டேன் என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதை உலர்த்தி, சிவப்பு நூலால் கட்டி, பெட்டியில் வைத்து ஒட்டிவிட்டேன். ஒட்டிய பிறகு அந்தப் பெட்டி இருக்கும் பக்கம் பார்க்கவே கூசியது. பேரன் தலையில் படப்போகும் என் கை அது ஒன்றுதான், அதையும் இரவல் கையாகவா அனுப்புவது.

பெட்டியைத் திரும்பப் பிரித்துவிட்டேன். இப்போது அதில் இரண்டு கொத்து இருக்கும். சிவப்பு நூல் கட்டியது ஸம்ஃபிராவுடையது. காய்ந்து கறுத்து, என் பழைய ஷூ கயிற்றில் கட்டியிருப்பது என்னுடையது. புதினாவுக்குப் பின்னால் என் கண்ணுக்குத் தப்பிய ஒரு காம்பில் மட்டும் பூ இருக்கிறது, அதை நடுவில் வைத்திருக்கிறேன், தபாலில் உதிராமல் வந்தால் உண்டு. எதை நனைப்பது என்று நீயே முடிவு செய், எதுவானாலும் எனக்குச் சம்மதம். சுவரில் இருக்கும் படத்தின் கீழே ஸம்ஃபிராவின் பெயரை எழுதிவிடு.

பேரன் நல்ல கண்ணும் நல்ல காதுமாக நீண்ட நாள் வாழ ஆண்டவர் அருளட்டும், உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். ஞானஸ்நானத் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், பாதிரியாரிடம் முன்னாடியே சொல்லிவை. இன்னொன்று, அம்மா கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு உன்னைத்தான் இதை வாசிக்கச் சொல்வாள். போட்டோ வரும் இடத்தைத் தாண்டிவிடாதே மகளே, அதை உரக்க வாசி.

பூவையெல்லாம் கிள்ளிப்போட்ட உன் அப்பா,
ஆங்கெல்