தாஸ்குடுக் தானியக் கிடங்கின் ஆய்வகத்தில் நடப்பவை குறித்து, மூன்றாம் முறையாக

அனுப்புநர்:
ராய்குல் தஸ்பேனோவா (வயது 51),
ஆய்வகப் பணியாளர், தானியக் கிடங்கு,
தாஸ்குடுக், கசகஸ்தான்.

பெறுநர்:
தலைமை ஆய்வாளர் அவர்கள்,
மாகாணத் தொழிலாளர் ஆய்வு அலுவலகம்.

பொருள்: பிரிவுத் தலைவர் எர்சாயின் சத்பெகோவ் பெண் ஊழியரிடம் முறைகேடாக நடந்துகொண்டதும், சாட்சி சொன்ன என்னைப் பழிவாங்கி வருவதும் – நேரடி விசாரணை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்தக் கிடங்கில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். லாரியில் வரும் கோதுமையின் ஈரப்பதத்தைச் சோதிப்பது என் பணி. அறுவடைக் காலத்தில் இங்கே எல்லோரும் எல்லோரிடமும் கத்துவார்கள். நானும் கத்தியிருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன். அதற்கெல்லாம் மனு எழுதுகிறவள் அல்ல நான். என்னைச் சண்டைக்காரி என்று உங்களிடம் சொல்வார்கள் என்பதால் இதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

2. சென்ற ஆகஸ்டில் சத்பெகோவ் பிரிவுத் தலைவராக வந்தார். ஆய்வகத்தில் அப்போது நாங்கள் நான்கு பெண்கள். இளையவர் மோல்திர் கென்ஜினா, வயது 24. அவர் சல்லடையில் மாதிரி சலிக்கும்போதெல்லாம் சத்பெகோவ் பின்னால் வந்து ஒட்டி நிற்பார். "நீ இடுப்பை ஆட்டிச் சலிக்கிறதைப் பார்க்கத்தான் இவ்ளோ படி ஏறி வர்றேன்" என்பார். இடுப்பில் கை வைப்பார். மோல்திர் எங்கள் முன்னிலையில் மூன்று முறை, "அண்ணா, இப்படிப் பண்ணாதீங்க, எனக்குப் பிடிக்கல" என்று சொன்னார். "உனக்கு நான் அண்ணனா? தமாஷ்கூடப் புரியாத பொண்ணா இருக்கியே" என்பதே அவருக்குக் கிடைத்த பதில்.

3. முந்தைய இரண்டு மனுக்களிலும் நான் எழுதாத ஒன்றை இங்கே எழுத வேண்டும். முதல் முறை அவர் அப்படிப் பேசியபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புதிதாக வந்த அதிகாரியைப் பகைத்துக்கொள்வானேன் என்று நினைத்தேன். மோல்திர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் குனிந்து ஈரப்பதக் கருவியின் மூடியைத் துடைத்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

4. நவம்பரில், பண்ணைகளைப் பார்வையிட சத்பெகோவ் தன்னுடன் காரில் தனியாக வரும்படி மோல்திரை அழைத்தார். அவர் மறுத்தார். மறுநாளே, தானியம் கொட்டும் குழியில் தூசி பெருக்க அனுப்பப்பட்டார். அன்று நான் சாட்சியாக நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு மனு எழுதினேன். நால்வரும் கையெழுத்திட்டோம். எட்டே நாளில் அந்த மனு "தக்க நடவடிக்கைக்காக" சத்பெகோவின் கைக்கே திரும்பி வந்தது.

மதிய உணவு நேரத்தில் முப்பது பேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அவர் அதை என் குரலில் பேசுவதுபோல் உரக்கப் படித்தார். முடித்துவிட்டு, "என்னக்கா, உங்களை யாரும் தொடலைன்னு வருத்தமா?" என்றார். சிலர் சிரித்தார்கள். சிலர் தங்கள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் இருவர் கையெழுத்தைத் திரும்பப் பெற்றார்கள். அவர்கள்மீது எனக்குக் குறையில்லை. ஒருவரின் கணவரும் இங்கேதான் வேலை செய்கிறார். அவர்கள் பெயரை நான் எழுதப் போவதில்லை.

5. அதன்பின் என் நாற்காலி ஆய்வகத்திலிருந்து எடுக்கப்பட்டது. எட்டு மணி நேரமும் நின்றே வேலை செய்கிறேன். முழங்கால் வலிக்கு மருத்துவர் தந்த சான்றிதழ் அலுவலகத்தில் இருந்தும், உறைபனியில் தானியக் கோபுரத்தின் உச்சிவரை ஏறி மாதிரி எடுக்க என்னையே தினமும் அனுப்புகிறார்கள். என் அலமாரிக் கதவில் ஆபாசப் படம் ஒட்டுகிறார்கள். கிழிக்கிறேன், மீண்டும் ஒட்டுகிறார்கள். உணவறையில் நான் உட்கார்ந்தால் அந்த மேசை காலியாகிவிடுகிறது.

ஒவ்வொன்றாகச் சொல்லும்போது எனக்கே சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றுகிறது. இதற்குப் போய் யாராவது புகார் செய்வார்களா என்றுதான் பல நாள் நினைத்தேன். நகரத்தில் இலவச ஆலோசனை தரும் வழக்கறிஞர் ஒருவர்தான் விளக்கினார். ஒருநாள் ஏச்சு குற்றமாகாது. ஆனால் வேண்டாம் என்ற பிறகும் ஒரு பெண்ணிடம் அப்படியே நடந்து, வேலைக்கு வருவதையே அவளுக்குத் தண்டனையாக்குவது முறைகேடு. அதைப் பார்த்துச் சொன்னவரைத் துன்புறுத்துவது தனியாக இன்னொரு முறைகேடு என்றார். அதுவரை இதை என் மனத்தின் பலவீனம் என்றே எண்ணியிருந்தேன்.

6. ஜனவரியில் மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்கு இரண்டாம் மனு அனுப்பினேன். "நிர்வாகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று ஒரு வரி பதில் வந்தது. அந்த வாரமே சத்பெகோவ் படிக்கட்டில் நின்று, "அக்கா, அடுத்த கதை எப்போ?" என்று கேட்டார். அதே மாதம் மோல்திர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

7. இதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை என்றிருந்தேன். சென்ற ஞாயிறு மோல்திர் என் வீட்டுக்கு வந்தார். நான் சிரித்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "தெரியும்க்கா, அன்னைக்கு நானும்தான் சிரிச்சேன்" என்றார். பிறகு என் இரண்டாம் மனுவின் நகலை வாங்கிப் படித்துவிட்டு, "இதுல எல்லா இடத்துலயும் 'ஒரு பெண் ஊழியர்'னு எழுதியிருக்கீங்க. இந்தத் தடவை என் பேரைப் போடுங்க. முழுப் பேரையும் போடுங்க" என்றார். தன் வாக்குமூலத்தைத் தன் கையாலேயே மூன்று பக்கம் எழுதினார். அது இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

ஆகவே, இம்மனுவைக் கிடங்கு நிர்வாகத்துக்கு அனுப்பாமல் தங்கள் ஆய்வாளர் ஒருவரை நேரில் அனுப்புமாறும், ஊழியர்களைத் தனித்தனியாக, சத்பெகோவ் இல்லாத அறையில் விசாரிக்குமாறும், மோல்திர் விரும்பினால் அவருக்கு அவர் வேலையைத் திரும்பப் பெற்றுத் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் ஆய்வாளர் எந்த நாளில் வந்தாலும் நான் ஆய்வகத்தில்தான் இருப்பேன்.

இடம்: தாஸ்குடுக்
நாள்: மார்ச் 3

இப்படிக்கு,
(ஒப்பம்) ராய்குல் தஸ்பேனோவா

மேற்கண்டவை என் கண்முன்னும் எனக்கும் நடந்தவை:
(ஒப்பம்) மோல்திர் கென்ஜினா