எவர்சில்வரோடு அலுமினியம் சேர்த்த புகைக்குழாய்

அனுப்புநர்:
பயணிகள் படகின் உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
கிழக்குப் படகுத்துறை.

பெறுநர்:
படகுப் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்,
துறைமுக அலுவலகம்.

பொருள்: புகைக்குழாயில் ஒத்துவராத உலோகங்களைச் சேர்த்துப் பழுதுபார்த்தது – அதே பழுது பார்க்கப்பட்ட இன்னொரு படகை உடனே நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மாமியார் பிழைத்துக்கொண்டார். நேற்று மருத்துவமனையிலிருந்து வந்தவர், வந்ததும் வராததுமாக நான் அடுப்பங்கரையை வைத்திருக்கும் லட்சணத்தைப் பற்றிப் பேசித் தீர்த்தார். ஒரு வார்த்தைகூட எனக்குக் கசக்கவில்லை. அந்த நிம்மதியில்தான் இம்மனுவை எழுதுகிறேன்.

2. கழிமுகத்தின் இரு கரைகளுக்கும் இடையே ஆள் ஏற்றிச் செல்வது எங்கள் தொழில். நான் சுக்கான் பிடிப்பேன். மாமியார் இன்ஜின் மூடிமேல் உட்கார்ந்து டிக்கெட் கிழிப்பார். எங்கள் படகில் புகையின் சூட்டைத் தணிக்க உப்புத் தண்ணீரும் புகைக்குழாய்க்குள் ஓடும். அந்த எவர்சில்வர் குழாயின் வளைவில் ஓட்டை விழுந்ததால், தங்கள் அலுவலகம் அங்கீகரித்த பட்டறையில் கொடுத்தேன். அவர்கள் வளைவை எடுத்துவிட்டு, அலுமினியத்தில் ஒன்று செய்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். "ரெண்டுமே துருப்பிடிக்காத சாமான்மா, கவலையில்லாம ஓட்டுங்க" என்றார் பட்டறைக்காரர். தங்கள் விதியும் துருப்பிடிக்காத உலோகம் என்று மட்டுமே கேட்கிறது. ஆய்வுச் சீட்டும் கிடைத்தது.

3. தனித்தனியே இரண்டும் நல்ல உலோகங்கள்தான். மாமியாரும் நானும்கூட அப்படித்தான். ஒரே அடுப்பங்கரையில் விட்டால்தான் சங்கதி தெரியும். உப்புத் தண்ணீரில் நனைந்தபடி எவர்சில்வரோடு ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் அரித்துப்போகும் என்று வேறொரு மெக்கானிக் பிறகுதான் எனக்கு விளக்கினார்.

4. சென்ற வாரம் நடுத் தண்ணீரில் ஒரு பயணி சில்லறை இல்லை என்றார். மாமியார் ஒன்றுமே சொல்லவில்லை. சில்லறைக்குச் சண்டை பிடிக்காமல் அவர் யாரையும் விட்டதில்லை. திரும்பிப் பார்த்தால் தலை தொங்கிக் கிடந்தார். இன்ஜினை நிறுத்தி, அவரை முன்பக்கம் காற்றுக்கு இழுத்துப்போட்டுக் கதறினேன். வேறு படகுக்காரர்கள்தான் எங்களைக் கரை சேர்த்தார்கள். மருத்துவமனையில் கண் விழித்தவர், "எதுக்கு எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கறீங்க? படகை யாரு பாத்துக்கறா?" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

5. இன்ஜின் மூடியைத் திறந்தபோது அலுமினிய வளைவு சுண்ணாம்புபோல் உதிர்ந்து, விரல் நுழையும் அளவு ஓட்டையாகியிருந்தது. நச்சுப்புகை அதன் வழியேதான் மூடிக்கு மேலே வந்திருக்கிறது. டீசல் வாடை பழகிய எங்கள் மூக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை.

6. இப்போது என் படகில் வளைவு, குழாய், போல்ட் எல்லாம் கடல் தண்ணீருக்கு உகந்த ஒரே ரக எவர்சில்வர். ஆனால் அதே பட்டறையில் அதே பழுது பார்த்த மேற்குத் துறைப் படகு இன்றும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறது. உரிமையாளரிடம் எவ்வளவோ மன்றாடினேன். "அதான் சீட்டு இருக்குல்ல" என்கிறார். அந்தச் சீட்டு தாங்கள் கொடுத்தது. தாங்கள் சொன்னால்தான் படகு நிற்கும்.

7. ஆகவே அப்படகை உடனே நிறுத்தி, புகைக்குழாயைத் திறந்து பார்க்க ஆணையிட வேண்டுகிறேன். ஓர் உலோகம் எந்த உலோகத்தோடு சேர்கிறது என்பதையும் இனி விதியில் கேட்க வேண்டும். அப்படகு சரியாகும்வரை பிள்ளைகளை என் படகில் ஏற்றிக்கொள்கிறேன்.

8. நாளைக் காலை தங்கள் பதிலைக் கேட்க மாமியார் நேரில் வருவதாக இருக்கிறார். அதிகம் பேசக்கூடாது என்று மருத்துவர் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் வந்து சேர்வதற்குள் ஆணை பிறப்பித்துவிடுவது எல்லோருக்கும் நல்லது எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: கிழக்குப் படகுத்துறை
நாள்: திங்கட்கிழமை

உயிர் தப்பிய நன்றியுடன்,
(ஒப்பம்)
படகு உரிமையாளர்