உப்பு இல்லை, அக்கா

என் வாயாடி அக்காவுக்கு,

நீ இருந்தவரை என்னை முழுதாய்ப் பேச விட்டதில்லை. இப்போது நான் பேசுகிறேன், குறுக்கே வராதே.

உன் மகள் மலர் ஒரு மாதமாக இருமுகிறாள். நீ போனதிலிருந்து உன் தையல் அறையில்தான் படுக்கிறாள். தூசியாக இருக்கும் என்று இரண்டு வாரம் முன்பு பீரோவை நகர்த்தினேன். பின்னால் சுவர் முழுக்க வெள்ளையாய்ப் பூத்திருந்தது. நம் கடலோரத்தில் சுவர் பூத்தால் அது உப்பு, வேறு யோசனையே கிடையாது. நீயும் வாரம் தவறாமல் பீரோ இடுக்கில் துடைப்பத்தை விட்டுத் தட்டிப் பெருக்குவாய். "பூத்துகினே கீதுடா, இன்னா சொவரோ!" என்று அலுத்துக்கொள்வாய். உப்புக்காற்றில் மெஷின் துருப்பிடிக்கும் என்று ஜன்னலை மட்டும் திறக்கவே மாட்டாய்.

எனக்கு என்ன தோன்றியதோ, வாசல் சுவரில் பூத்ததைக் கொஞ்சம் சுரண்டி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டேன். பீரோவுக்குப் பின்னால் இருந்ததை இன்னொரு டம்ளரில் போட்டேன். வாசல் உப்பு கரைந்துவிட்டது. உன் அறை உப்பு பஞ்சு மாதிரி மிதந்தது. அக்கா, உப்பு மிதக்குமா?

அதிலிருந்து மண்டைக்குள் ஒரே குடைச்சல். பொத்தேரியில் சித்தி வீட்டில் பத்து நாள் இருந்தபோது, உன்னைக் கொண்டுபோன அந்த இருமல் எப்படிக் குறைந்தது? திரும்பி வந்ததும் ஏன் மறுபடி பிடித்தது? "சித்தி சாப்பாடுதான் உனக்கு மருந்து" என்று உன்னை ஓட்டினேனே தவிர, இதைக் கேட்கத் தோன்றவில்லையே.

செங்கல்பட்டில் உன் நெஞ்சு ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "வீட்டுச் சொவத்துல ஈரம், ஓதம் இருக்காம்மா?" என்று கேட்டார், நினைவிருக்கிறதா? நீ சட்டென்று சொன்னாய்: "ஓதம்லாம் இல்ல சார், உப்புதான் பூக்கும்." பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையாட்டினேன். அதற்காக என்னை நானே இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அவரிடமே போய்ச் சுவரின் ஃபோட்டோவைக் காட்டினேன். பூஞ்சணம் என்றார். அதன் தூளை வருஷக்கணக்கில் சுவாசித்தால் சிலருக்கு நுரையீரல் தழும்பேறி இறுகிவிடுமாம். உனக்கும் அதுதானா என்று இப்போது அடித்துச் சொல்ல முடியாதாம். அதே வீட்டில் இருக்கும் எனக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். "உடம்புக்கு உடம்பு வேறப்பா" என்றார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஆனால் மலரை அந்த அறையில் படுக்க விடாதே என்றார், அது போதும். வீட்டுக்கு வந்து சுவரைத் தட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்துக் குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே கசிகிறது.

கொத்தனாரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன். மலர் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறாள்.

"இந்த ரூமுக்குள்ள வந்தாதான் அம்மா வாசன வர்து மாமா. சொவத்த இடிச்சா பூடும்" என்கிறாள்.

நானும் மூச்சை இழுத்துப் பார்த்தேன். வருகிறது, அக்கா. உன் புடவையில், நீ தைத்துத் தந்த சட்டைகளில் எல்லாம் இருந்த அதே வாசனை. அது ஈரச் சுவரின் வாசனை. இதை அந்தப் பெண்ணிடம் நான் எப்படிச் சொல்வேன்?

சொல்லப் போவதில்லை. சித்தி வீட்டில் அவளை விட்டுவிட்டு வந்து சுவரை உடைக்கப் போகிறேன். என்மேல் ஆயுசுக்கும் கோபமாக இருக்கட்டும். அவள் ஆயுசுக்கு நான் பொறுப்பு.

உன் தம்பி,
மலரின் தாய்மாமன்