பெரியப்பா எழுந்திருக்கவில்லை

ஜூன் 9, செவ்வாய்

வேன் கிளம்பாது என்பது இன்று காலை உறுதியானது. தகவல் தந்தவர் மகள். சாவியைத் திருப்பிப் பார்த்து நானும் சரிபார்த்தேன். செல்ஃப் நன்றாக எடுக்கிறது. இன்ஜின் சுழல்கிறது, குலுங்குகிறது, ஆனால் பிடிக்கவில்லை.

இந்தப் பழைய வேனுக்கு வீட்டில் ‘பெரியப்பா’ என்று பெயர். காலையில் இரண்டு தரம் இருமிவிட்டுத்தான் வாயைத் திறக்கும், என் அண்ணன் மாதிரியே. மகள் வைத்த பெயர். அண்ணனுக்கு இது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வெளியூர் போகிறாள். கண் மருத்துவமனையில் வேலை, தனி அறை, ஒரு பகல் முழுக்க ஓட்ட வேண்டிய தூரம். சாமான்களோடு நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் சாமான்கள் ஒரு சாக்கு. எதிரெதிரே உட்கார்ந்தால் அவளிடமிருந்து ‘ம்’ மட்டும்தான் வரும். வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் பேசுவாள். அந்த ஒரு பகல் எனக்கு வேண்டும்.

மச்சான் (மனைவியின் தம்பி) லாரி ஏற்பாடு செய்துவிடலாம், அக்கா மகள் பஸ்ஸில் போகட்டும் என்கிறார். “பொறுங்க” என்று சொல்லி வைத்திருக்கிறேன். மகளிடமும் சொன்னேன்: “ஞாயித்துக்கிழம நாந்தான் உன்னக் கொண்டுபோய் விடுவேன்.”

ஜூன் 10, புதன்

மெக்கானிக் வந்தார். நிதானமான மனிதர். இன்ஜினுக்குக் காற்று, நெருப்பு, பெட்ரோல் மூன்றும் போனால் ஓடித்தான் ஆக வேண்டும், எது போகவில்லை என்று பார்ப்போம் என்றார். இப்படி ஒரு ஆள் எங்கள் பத்திரிகையின் செய்திப் பிரிவில் இருந்திருக்கலாம்.

காற்று ஃபில்டர் சுத்தம். பிளக்கைக் கழற்றி வண்டியின் உடம்பில் வைத்துச் சுழலவிட்டார். நீல நிறத்தில் பளிச்சென்று நெருப்பு. பிறகு என்னைப் பின்சீட்டில் காதை வைத்துக் கேட்கச் சொல்லிவிட்டு சாவியைப் போட்டார். அடியில் ‘ஊங்’ என்று பம்ப் ஓடும் சத்தம். ஆனால் இன்ஜினுக்குப் போகும் குழாயைக் கழற்றினால் ஈரமே இல்லை.

“பெட்ரோல் இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே முள்ளைப் பார்த்தார். பாதி.

இந்த வீட்டில் இருவர் சொன்னால்தான் அது செய்தி. நான் போட்ட சட்டம். மழை வருகிறது என்று மனைவி சொன்னாலும் மொட்டைமாடிக்குப் போய்ப் பார்ப்பவன் நான். அதனால் அவளிடம் கேட்டேன். “பாதி இருக்கே,” என்றாள். மச்சானுக்குப் போன் செய்தேன். போன வாரம் ஓட்டியபோதே பாதி இருந்தது என்றார். ஆக மொத்தம் மூன்று பேர். அச்சுக்கே அனுப்பலாம்.

அப்படியானால் பம்ப் சுழல்கிறதே தவிரத் தள்ளவில்லை என்பது மெக்கானிக்கின் முடிவு. அது டேங்குக்குள் இருக்கிறது. டேங்கை இறக்க வேண்டும், புதுப் பம்ப் வாங்க வேண்டும்.

ஜூன் 11, வியாழன்

இந்த மாடலுக்குப் பம்ப் எந்தக் கடையிலும் இல்லை. மச்சான் லாரிக்குச் சொல்லிவிட்டாராம். சிரித்துக்கொண்டே சொன்னார் — அதுதான் கடுப்பு.

ஜூன் 12, வெள்ளி

மகள் தன் பாட்டுக்கு அட்டைப்பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருக்கிறாள். “என்னப்பா, பெரியப்பா இன்னும் எந்திரிக்கலையா?” என்கிறாள், என்னவோ காபி குடிக்கக் கூப்பிடுவது போல. இவளுக்குக் கவலையே கிடையாதா? எனக்கு மட்டும்தானா? சரி போ, லாரியிலேயே போகட்டும். நான் எதற்கு இதில் — என்னமோ போ.

கோபத்தில் போய் வேனில் உட்கார்ந்தேன். சாவியைப் போட்டேன். முள் பாதி.

பாதி என்று மச்சான் சொன்னது போன வாரம். அதற்குப் பிறகு மனைவி தோழி வீட்டுக்கு இதில்தான் போய்வந்தாள். அதற்கப்புறமும் பாதியா? அவ்வளவு சிக்கனமா பெரியப்பா?

இறங்கி உள்ளே போய், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். பாதி இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்? “முள்ளப் பார்த்தேன்,” என்றாள் மனைவி. மச்சானும் முள்ளைத்தான் பார்த்திருக்கிறார். மெக்கானிக் பார்த்ததும் முள்ளைத்தான். மூன்று பேர் சொன்ன செய்திக்கு மூலம் ஒன்றே ஒன்று, அதுவும் அசையாத மூலம்.

கடைசியாக யார் பெட்ரோல் போட்டது? தம்பி போட்டிருப்பான் என்றாள். போனில் மச்சான், “அக்கா போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன் அத்தான். ஏன், நீங்க போடலையா?” என்றார். நல்ல குடும்பம்.

வேனுக்கு அடியில் படுத்து டேங்கைத் தட்டினேன். காலிக் குடம் போல ‘டங்’ என்றது. எட்டிப் பார்த்த மகள் சிரிக்க ஆரம்பித்து, படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பா, பெரியப்பாவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. பட்டினி.”

கேனில் வாங்கிவந்து ஊற்றினோம். முதல் தரம் சுழன்றது. அடுத்த தரம் இருமியது. அதற்கடுத்த தரம் பிடித்துக்கொண்டது. வேனின் மூக்கைத் துடைத்துவிட்டாள் மனைவி.

மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். “இத பேப்பர்ல போட்றாதீங்க சார்,” என்றார்.

ஜூன் 14, ஞாயிறு

மகள் அறையிலிருந்து எழுதுகிறேன். சாமான்கள் இறங்கிவிட்டன. புத்தக அலமாரி மட்டும் வேனில் ஏறவில்லை. வீட்டிலேயே நிற்கிறது.

வழி முழுக்கப் பேசினாள். ஊர் நெருங்கும்போது, லாரிக்காரர் நம் மேல் வருத்தமாக இருப்பாரோ என்று கேட்டேன்.

“இல்லப்பா. வியாழக்கிழமையே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டேன். மாமாவுக்குத் தெரியாது.”

“அன்னிக்கு வண்டி கிளம்பவே இல்லையே. எத நம்பிச் சொன்ன?”

“நீங்க கொண்டுபோய் விடுறேன்னு சொன்னீங்கல்ல.”

“ஒரு ஆள் சொன்னதுதானே.”

“ஆமா, ஒரே ஆள்தான்,” என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்தாள். நானும் ரோட்டையே பார்த்தேன். ஒரு வளைவு கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது.

ஜூன் 16, செவ்வாய்

முள் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. மனைவியும் நானும் தனித்தனியே பார்த்து உறுதி செய்தோம். கோளாறு டேங்குக்குள் இருக்கும் மிதவையில். அது மாட்டிக்கொண்டதால் முள் இறங்கவில்லை. மாற்று மிதவை வெள்ளிக்கிழமை வரும் என்கிறார் மெக்கானிக். அதுவரை முள்ளுக்குக் கீழே மனைவி ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறாள்: ‘இவரை நம்பாதே.’

அலமாரியை எடுக்க அடுத்த மாதக் கடைசி ஞாயிறு வருவதாக மகள் போனில் சொன்னாள். அவள் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. மச்சானுக்கும் தெரியாது. வேறு யாரும் உறுதிப்படுத்தவில்லை.

டேங்கை நிரப்பி வைத்துவிட்டேன்.