மேற்கு ஜன்னலைக் கழற்றிய நாள்

காத்தான்குடி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மனைவி ஸாதியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகள் நிஸ்றாவும் சுகம். உன் எஜமானி போன் பேச விடுகிற கொஞ்ச நேரமும் நிஸ்றாவின் கதைக்கே போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நம் ஊர் நிஸ்தார் லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிறான். அவன் கொண்டுவந்து தருவான்.

நாம் காவல் இருக்கும் பங்களாவை கொழும்பு முதலாளி விற்றுவிட்டார். வாங்கியவர் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறாராம். பின்வீட்டில் நாங்கள் தொடர்ந்து இருக்கலாமா என்று கேட்டேன். பிறகு சொல்கிறோம் என்றார்கள். இன்னும் சொல்லவில்லை. நீ இதை யோசித்து நித்திரையைக் கெடுத்துக்கொள்ளாதே.

நீ கழுவித் துடைத்துவந்த ஆற்றுப் பக்க மண்டபத்தின் நிறக் கண்ணாடி ஜன்னல்கள் காலி நகரில் ஒரு ஹோட்டலுக்குப் போகின்றன. போன திங்கள் பழுகாமத்திலிருந்து நல்லரத்தினம் என்ற தச்சர் கழற்ற வந்தார். நீ போன பிறகு நிஸ்றா பின்னேரமானால் அந்த மண்டபத்தில்தான் இருப்பாள். வெயில் சாய்ந்து தரையில் சிவப்பும் பச்சையுமாக விழும்போது, அதற்குள் காலை நீட்டிக்கொண்டு கதைத்துக்கொண்டிருப்பாள். யாரோடு என்று நான் கேட்டதில்லை.

நீ விமானம் ஏறிய அன்று அவள் அழவில்லை. எல்லோரும் கெட்டிக்காரி என்றார்கள். எனக்குத்தான் பயமாக இருந்தது. முதல் ஜன்னலை இறக்கியதும் ஓடிவந்து சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "உம்மா வந்தா இனி எதக் கழுவுவா? வேலையில்லாட்டி உம்மாவ வரவேணாம் எண்டிருவாங்களே!" அப்படியொரு அழுகை ஸாதியா, என்னால் தேற்ற முடியவில்லை.

நல்லரத்தினம் உளியைக் கீழே வைத்துவிட்டார். "ஊத்தையோட பெட்டியில வைக்க ஏலா மகள். நீ கழுவித் தா" என்றார். நீ கழுவும்போது வாளி பிடித்தவள் அல்லவா, உன்னைப் போலவே கண்ணாடிகளை இணைக்கும் ஈயப் பட்டிகளின் ஓரமெல்லாம் விரலை விட்டுத் துடைத்தாள். அந்த மனிதர் மத்தியானச் சோறும் தின்னாமல் காத்திருந்தார்.

கடைசிக் கண்ணாடியை வைக்கோலில் வைத்தபோது, "அங்க ஆர் இதக் கழுவுற?" என்று கேட்டாள்.

"அங்கயும் ஆராச்சும் ஒரு உம்மா இருப்பா, மகள்" என்றார் நல்லரத்தினம்.

நான் எழும்பி ஆற்றங்கரைக்குப் போய்விட்டேன்.

இப்போது ஜன்னல் இருந்த இடங்களில் பலகை அடித்திருக்கிறது. பகலிலும் மண்டபம் இருட்டு. நிஸ்றா அங்கே போவதில்லை. நானும்தான்.

எஜமானி இன்னும் இரண்டு வருடம் நிற்கச் சொல்வதாகச் சொன்னாய். உன் விருப்பம் என்றேன். பக்கத்தில் நிஸ்றா நின்றாள், வேறென்ன சொல்ல?

அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் வேறு யாரோ பிள்ளை போல இருக்கிறாள். புதுப்பல் முளைக்குமுன் வந்து ஒருதரம் பார். அல்லாஹ் உன்னைப் பத்திரமாக எங்களிடம் சேர்ப்பானாக.

உன் கணவன்,
இப்றாஹிம்