பட்டியலில் இல்லாத கதவு

கீழ்வீட்டில் மாங்காய் சுடுகிறார்கள். தோல் கருகும் அந்த வாசனை மாடிப்படி வழியாக ஏறி வந்துவிட்டது. ஜாதவ்பூரில் வெயில் வந்ததற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். சுட்ட மாங்காய்ச் சர்பத் உனக்கு ஆகவே ஆகாது. "மோர் இருக்கிற வீட்டுல இதை எவ குடிப்பா?" என்பாய். கடைசியில் தெரு முழுக்க அதைக் கலந்து கொடுத்தவள் நீதான்.

அந்தப் பயிற்சிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவளும் நீ. பாங்க்கில் ரிடையர் ஆன பிறகு உனக்குக் கை சும்மா இருக்காது. எனக்கோ, அவர் போனபின் வீட்டை விட்டு இறங்கவே மனமில்லை. "பேசாம கிளம்புடி. கிளப்புல ஃபேனாவது நன்னா சுத்தும்" என்றாய். பூஜைக் காலத்தில் நாற்காலி அடுக்கி வைக்கிற அந்தக் கூடத்தில் ஞாயிறுதோறும் உட்கார்ந்தோம். வெப்ப எச்சரிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது, மழைத்தண்ணீர் எந்தச் சந்தில் முதலில் ஏறும், மயங்கியவரை எப்படிக் கிடத்துவது என்று ஒரு பெண் பெங்காலியில் சொல்லச் சொல்ல, நீ என் காதில் தமிழில் நக்கலடித்துக்கொண்டிருந்தாய். சான்றிதழில் 'சமூகக் காலநிலைத் தலைவர்' என்று போட்டிருந்தது. "தலைவிடி நாம! எங்கே மாலை?" என்று கூடமே திரும்பிப் பார்க்கச் சிரித்தாய்.

முதல் வேலை, நம் தெருவில் தனியாக இருக்கும் வயதானவர்களின் பட்டியல். எச்சரிக்கை வந்தால் காலையில் நீயும், சாயங்காலம் நாலு மணிக்கு நானும் ஒவ்வொரு கதவையும் தட்டிப் பார்க்க வேண்டும். உன் உருண்டைக் கையெழுத்தில் நீயே எழுதினாய். தையல்காரரின் அத்தை, மருந்துக்கடை மாடியில் இருக்கும் டீச்சர், நம் கட்டிடத்து மூன்றாம் மாடியில் உன் எதிர்வீட்டு கோஷ் பாபு, காது மந்தம். நீயும் தனிக்கட்டை, நானும் தனிக்கட்டை. நம் பெயரை எழுத வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. தலைவிகள் அல்லவா!

போன வருஷம் எச்சரிக்கை வந்த அந்த வாரம் கரண்ட்டும் போய்ப் போய் வந்தது. காலையில் சுற்றி முடித்துவிட்டு என் வாசலில் நின்றாய். முகம் சிவந்திருந்தது. "கொஞ்சம் உட்காரேன்" என்றேன்.

"போய்ப் படுத்தா சரியாயிடும். நீ கோஷ் பாபுவை மறந்துடாதே. ஓங்கித் தட்டணும்."

மறக்கவில்லை. நாலு மணிக்கு மூன்றாம் மாடி ஏறி ஓங்கித் தட்டினேன். தண்ணீர் குடித்தாரா என்று கேட்டேன். பட்டியலில் டிக் அடித்தேன். உன் கதவு என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. தூங்குகிறாய், எழுப்புவானேன் என்று இறங்கிவிட்டேன்.

மறுநாள் கதவை உடைத்தார்கள். மொட்டைமாடிக்கு நேர் கீழே உன் அறை அடுப்பு மாதிரி கொதித்தது. மத்தியானமே உயிர் போயிருக்கலாம், சாயங்காலத்துக்கு மேலும் ஆகியிருக்கலாம் என்றார் டாக்டர். மத்தியானம் என்று நினைத்துக்கொள்ளத்தான் பார்க்கிறேன், முடியவில்லை. பாவி, ஒரு தட்டு தட்டியிருக்கக் கூடாதா நான்!

இந்த வருஷம் புதிதாகச் சிலர் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள். போன ஞாயிறு என்னைப் பேசச் சொன்னார்கள். பட்டியலில் முதலில் உங்கள் பெயரை எழுதுங்கள், உங்கள் கதவை யார் தட்டுவார் என்று பக்கத்திலேயே எழுதுங்கள் என்றேன். உங்கள் கதவை யார் தட்டுகிறார் மாஷிமா என்று பெரியம்மா முறை வைத்து ஒருத்தி கேட்டாள். கோஷ் பாபு என்றதும் சிரித்தார்கள். நிஜமாகவே அவர்தான். காலையில் கைத்தடியை ஊன்றி ஒரு மாடி இறங்கி வந்து, "தீதி, பாலோ ஆச்சேன்?" என்று தெருவுக்கே கேட்கக் கத்துகிறார். நன்றாக இருக்கிறேன் என்று நானும் பெங்காலியில் கத்துகிறேன். "சாப்பிட்டியாடி?" என்று கேட்க இந்தக் கட்டிடத்தில் ஒரு ஜீவன் இல்லை. நாள் கணக்கில் தமிழ் பேசாமலே போய்விடுகிறது.

நேற்று மறுபடியும் எச்சரிக்கை. நாலு மணிக்கு ஏறினேன். கோஷ் பாபுவைப் பார்த்துவிட்டுத் திரும்பி, உன் தம்பி பூட்டிப் போட்டிருக்கும் உன் கதவைத் தட்டினேன். காது கேட்காத மனிதருக்கு அது மட்டும் எப்படிக் கேட்டதோ, வெளியே வந்து நின்றார்.

"அங்கே யாரும் இல்லையே, தீதி" என்றார் மெதுவாக.

தெரியும் என்றேன். இன்னொரு தடவை தட்டிவிட்டுத்தான் இறங்கினேன்.