மூன்றாம் வரிசை அரக்கனை உடைக்க வேண்டாம்

அனுப்புநர்:
ஷுஜா பின் ஹம்சா,
சூளை விறகு வியாபாரி,
குயவர் தெரு, காஷான்.

பெறுநர்:
கடைவீதிக் கண்காணிப்பு அதிகாரி அவர்கள்,
காஷான்.

பொருள்: புதிய குளியல் கூடத்துச் சுவரில் அரக்கன் படம் தீட்டிய ஓட்டினை வரும் சனிக்கிழமை உளி வைத்துப் பெயர்க்கும் உத்தரவை நிறுத்த வேண்டுவது.

பார்வை: அதே ஓட்டினை உடனே உடைக்கக் கோரி நான் சென்ற வாரம் கொடுத்த மனு.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

ஒரே வாரத்தில் இரண்டாம் முறையாகத் தங்களைத் தொந்தரவு செய்கிறேன். பொறுத்தருள வேண்டும்.

1. ஓவியர் பக்தியார், பழைய போர்க் கதைகளை ஓடுகளில் பொன்னாய் மினுங்கத் தீட்டி, அந்தக் கூடத்துச் சுவர் முழுக்கப் பதித்திருக்கிறார். அதில் ஒரு வீரன் கயிறு வீசிப் பிடித்திழுக்கும் அரக்கனுக்கு என் வெட்டுப்பட்ட புருவம், என் கோணல் முன்பல், என் மடங்கிய இடது காது. இது யார் முகம் என்று தாங்கள் ஒன்பது சாட்சிகளைக் கேட்டீர்கள். கேள்வி முடியும் முன்பே ஒன்பது பேரும் என் பெயரைச் சொன்னார்கள். ஒருவராவது சற்று யோசிப்பார் என்று நம்பியிருந்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

2. ஓவியர் தங்கள் முன் கூறிய விளக்கம் இது: “ராஜா, வீரன் எல்லாருக்கும் ஒரே முகந்தாங்கய்யா, முழுநிலா மாதிரி. மாத்தி வரைஞ்சா யாரும் வாங்கமாட்டாங்க. அரக்கனுக்கு மட்டுந்தான் என் இஷ்டத்துக்கு மூஞ்சி வைக்கலாம்.” என் மூஞ்சியை ஏன் இஷ்டப்பட்டார் என்பதை முதல் மனுவில் நான் எழுதச் சொல்லவில்லை. தாளில் இடம் போதவில்லை. சென்ற ஆண்டு வசந்தத்தில் அவருக்குக் கொடுத்த வில்லோ மர விறகைப் பட்டை உரிக்காமல் அனுப்பிவிட்டேன். புகை மண்டி ஒரு சூளை நிறைய இருந்த பாத்திரங்கள் எல்லாம் கருத்துப் போயின.

3. தங்கள் உத்தரவு வந்ததும் தெருவுக்கே அல்வா வழங்கினேன். மறுநாள் பன்னீர் வடிக்கும் கௌஹர் காத்தூன் என் விறகுக் கிடங்கிற்கு வந்தார். கணவரை இழந்த அவரை மணக்கக் கேட்டு இரண்டு வருடமாகப் பதிலுக்குக் காத்திருப்பவன் நான். அவர் கண்ணில் அந்த ஓடு படக்கூடாது என்றுதான் முதல் மனுவையே கொடுத்தேன். அவரோ பெண்கள் குளிக்கும் நாளில் ஏற்கெனவே பார்த்துவிட்டாராம். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

“அறுபது ராஜாவும் ஒரே மூஞ்சி, யார் யாருன்னே தெரியல. அந்தச் சுவத்துல மனுசன் மாதிரி இருக்கறது நீங்க ஒருத்தர்தான். அதைப் போய் உடைக்கச் சொல்லியிருக்கீங்களாமே. தன் மூஞ்சியையே இடிச்சுத் தள்ளுற ஆளோட நான் எப்படிக் குடும்பம் நடத்துறது?”

4. ஓட்டின் விளிம்பைச் சுற்றி எழுதியிருப்பது என்னைத் திட்டும் வசை என்றும் முன்பு புகார் செய்திருந்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது. கௌஹர் படித்துச் சொன்னார். அது ஒரு காதலன் ஏங்கிப் பாடும் பாட்டு. படிக்கும்போது அவர் முகம் சிவந்துவிட்டது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் விறகை எண்ணிக்கொண்டிருந்தேன்.

5. சனிக்கிழமை அந்த ஓடு விழுந்தால் என் கல்யாணமும் விழும். அந்த இடத்தில் ஓர் இளவரசனை வரைந்து தருவதாக ஓவியர் சமாதானம் பேசுகிறார். எனக்குச் சம்மதமில்லை. இனி அவருக்கு உரித்த விறகே போகும். வீண் புகாருக்கு என்ன தண்டனை விதித்தாலும் ஏற்கிறேன். உளிக்காரரை மட்டும் தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.

நாள்: ஹிஜ்ரி 665, ரஜப் 9
இடம்: காஷான்

மனுதாரருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எனவே அவர் சொல்ல, எழுத்தராகிய நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதியது.

மனுதாரர் அடையாளம்: குளியல் கூடம், மூன்றாம் வரிசை, இடமிருந்து ஐந்தாவது ஓடு.